கஷ்ட காலத்தில் எப்படி ஸ்தோத்திரம் சொல்வது? கண்ணீரோடு நன்றி சொல்லப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

கஷ்டத்தில் இருக்கும் விசுவாசி ஒருவரிடம் அடிக்கடி சொல்லப்படும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள், அப்படிச் செய்வதே கிறிஸ்து இயேசுவுக்குள் உங்களைக்குறித்து தேவனுடைய சித்தமாயிருக்கிறது." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிறவரும் தலையாட்டுகிறார். ஆனால் வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்றால் வாய் வருவதில்லை. ஸ்தோத்திரம் என்று தொடங்கினால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. சொல்லாமல் விட்டாலோ குற்ற உணர்வு பிடுங்குகிறது.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேதத்தில் நன்றியும் கண்ணீரும் ஒன்றாகவே வருகின்றன. நன்றி சொல்வதற்காக அழுகையை யாரும் விழுங்க வேண்டியதில்லை.

அந்த வசனத்தைப் பெற்ற சபையையே பாருங்கள். தெசலோனிக்கேயில் கலவரம் வெடித்ததால் பவுலையும் சீலாவையும் இரவோடு இரவாக ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள் (அப்போஸ்தலர் 17:10). அங்கேயே தங்கிவிட்ட விசுவாசிகளோ உபத்திரவத்தில் இருந்தார்கள். அவர்களில் சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அதனால்தான் பவுல் ஒரு அதிகாரத்துக்கு முன்னால், இறந்தவர்களைக் குறித்து நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்று எழுதுகிறார். துக்கிக்கவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. துக்கத்தில் இருந்தவர்களுக்கு, துக்கம் இன்னதென்று தெரிந்தவர் எழுதிய வசனம் அது.

சரி, அதை எப்படிச் செய்வது? கீழே உள்ள படிகளை வரிசையாகப் படியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டியதில்லை.

படி 1: முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அதனால்தான் அப்புறம் சொல்லும் நன்றி வெறும் வாய்ப்பேச்சாகிவிடுகிறது.

சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். துதியின் புத்தகம் என்று நாம் சொல்கிற புத்தகத்திலேயே அழுகைக்கு அவ்வளவு இடம் இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆறு வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் மட்டும் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்பது மரியாதைக்காக மென்மையாக்கப்பட்ட ஜெபம் இல்லை. அடுத்த இரண்டு வசனங்களில் தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். கடைசி இரண்டில் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன், கர்த்தரைப் பாடுவேன் என்கிறான். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் சூழ்நிலை மாறியதாக ஒரு சொல்கூட இல்லை. சத்துரு இன்னும் அங்கேயேதான் இருக்கிறான்.

ஆபகூக்கும் அப்படித்தான். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற மூன்றாம் அதிகாரம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே தீர்க்கதரிசி முதல் அதிகாரத்தில், நான் கூப்பிடுகிறேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று கர்த்தரிடமே முறையிடுகிறார். முதல் அதிகாரம் இல்லாமல் மூன்றாம் அதிகாரம் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யாரிடம் பேசுகிறீர்கள், என்ன நடந்தது, என்ன வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்து நடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உதாரணத்துக்கு:

"கர்த்தாவே, வேலை போய் மாதக்கணக்கில் ஆகிறது. இன்றைக்கும் போன் வரவில்லை. நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா என்று சந்தேகமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டேன். இந்த வாரமாவது ஒரு வழியைத் திறந்துவிடும். இதற்கு முன்னால் கடன் கழுத்தை நெரித்தபோது நீர் என்னைக் கைவிடவில்லை. இப்போதைக்கு அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது."

கடைசி வரி வராவிட்டால் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதத்தில் அந்தக் கடைசித் திருப்பமே கிடையாது. நண்பர்கள் எல்லாம் தூரமாகிவிட்டார்கள் என்ற இருட்டோடு அது முடிந்துவிடுகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது, ஆராதனைக்கென்று பாடகர் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. இருட்டில் முடிகிற ஜெபத்தையும் கர்த்தர் தம்முடைய புத்தகத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

படி 2: எதற்கு நன்றி, எதற்கு இல்லை என்று பிரித்துப் பாருங்கள்

"என் பிள்ளைக்கு வந்த நோய்க்காக நான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?" இந்தக் கேள்வியைப் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே கேட்கப் பயப்படுகிறார்கள். பதிலுக்கு யோவான் 11-ஆம் அதிகாரத்துக்குப் போவோம்.

லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு நிற்கிறார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். அப்படி இருந்தும் 33-ஆம் வசனத்தில் ஆவியிலே கலங்கித் துயரமடைகிறார். 35-இல் "இயேசு கண்ணீர் விட்டார்." 38-இல் மறுபடியும் கலங்குகிறார். 41-ஆம் வசனத்தில் கல்லை எடுத்துப்போடுகிறார்கள். அப்போது அவர் கண்களை ஏறெடுத்து, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். லாசரு அப்போதும் உள்ளே பிணமாகத்தான் கிடக்கிறான். கண்ணீருக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவில் இருப்பது ஆறே வசனங்கள்.

அவர் எதற்கு நன்றி சொன்னார் என்பதைக் கவனியுங்கள். லாசருவின் மரணத்துக்காக அவர் நன்றி சொல்லவில்லை. மரணத்தைப் பார்த்து அவர் கலங்கினார். பிதா தமக்குச் செவிகொடுக்கிறார் என்பதற்காக நன்றி சொன்னார். நாமும் அப்படியே செய்யலாம்.

எபேசியர் 5:20 எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம், அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள் என்கிறது. கடிந்துகொள்ள வேண்டியதற்கே நன்றி சொல்லுங்கள் என்று பவுல் ஒன்பது வசனம் தள்ளிச் சொல்லியிருக்க முடியாது. அந்தத் தீமையாலும் பிதாவின் கையைத் தட்டிவிட முடியவில்லை, அதன் நடுவிலும் அவர் கிரியை செய்கிறார் என்பதற்காக நாம் ஸ்தோத்திரிக்கிறோம். வசனத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

யோசேப்பின் கதையையும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது அதிகம் தவறாகப் பயன்படுகிறது. "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்று அவன் தன்னை அடிமையாக விற்ற சகோதரரிடம் சொன்னது ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்தில், தகப்பன் யாக்கோபு இறந்த பிறகு. வேதம் தரும் வயதுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், 17 வயதில் அவனைப்பற்றிய கதை தொடங்குகிறது. இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கு 56 வயதாவது ஆகியிருக்கும். 45-ஆம் அதிகாரத்தில் இதே கருத்தை முதல் தடவை சொன்னபோதே வயது 39. அப்போதும்கூடத் தீமையைத் தீமை என்றே அவன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். அதற்கு முன், சிறையில் இருந்தபோது என்ன சொன்னான்? 40:15-இல் பானபாத்திரக்காரனிடம், நான் களவாய்க் கொண்டுவரப்பட்டேன், இந்தக் காவல்கிடங்கில் வைக்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை என்றான். சிறையில் இருக்கிற யோசேப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 39 வயதில் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சிறைக்குள் இருக்கும்போதே சொல்ல அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உங்களையும் நீங்கள் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இதை நடைமுறையில் செய்ய, அதே தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் "இது தீமை" என்று தலைப்பிட்டு, நடந்ததை எழுதுங்கள்: நோய், துரோகம், நஷ்டம், பிரிவு. மறு பக்கத்தில் "இப்போதும் இது உண்மை" என்று எழுதி, நடந்ததால் மாறாதவற்றை எழுதுங்கள்: கிறிஸ்து எனக்காக மரித்தார். என் ஜெபம் கேட்கப்படுகிறது. என் சகோதரி தினமும் போன் செய்கிறாள். இடது பக்கத்தில் இருப்பதை வலது பக்கத்துக்கு மாற்ற முயற்சி செய்யாதீர்கள்.

படி 3: சின்னதாக, குறிப்பாக, பெயர் சொல்லி

"எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பது நல்ல ஜெபம்தான். ஆனால் மனம் நொந்திருக்கும்போது அது நாக்கில் பட்டு வழுக்கிப் போய்விடும். அந்த நேரத்தில் சின்ன விஷயங்கள்தான் கைக்குச் சிக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் துணை இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. நர்ஸ் வருகிறார். பெரிய விளக்கைப் போட்டால் நோயாளி விழித்துவிடுவார் என்று செல்போன் வெளிச்சத்திலேயே டிரிப்ஸ் பாட்டிலை மாற்றுகிறார். வீங்கிய கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை இழுக்காமல், ஓரத்தை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்துக் கழற்றுகிறார். போகும்போது உங்களைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நேரம் படுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். அந்த ஈரப் பஞ்சுக்காக நன்றி சொல்லுங்கள். "ஆண்டவரே, அந்தச் சகோதரி அவசரப்படாமல் செய்தாரே, அதற்காக ஸ்தோத்திரம்." ஜெபம் அவ்வளவுதான். நோய் குணமாகவில்லை, ரிப்போர்ட் மாறவில்லை. ஆனாலும் அது நடந்தது, அது நன்மை. நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்து வருகிறது என்று யாக்கோபு எழுதியது (1:17) இப்படிப்பட்டதையும் சேர்த்துத்தான்.

ஒரு நாளைக்கு ஒன்று போதும். அது இன்றைக்கு நடந்ததாக இருக்கட்டும். நேற்று எழுதியதையே இன்றும் எழுதாதீர்கள். எழுதினால் அது பழக்கதோஷமாகிவிடும்.

நன்றிக் குறிப்பு எழுதுவதை மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களும் சோதித்திருக்கிறார்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, நரம்பும் தசையும் பாதிக்கப்பட்ட நோயாளிகளிடம் 21 நாட்கள் செய்யப்பட்டது. நன்றிக்குரியவற்றைத் தினமும் எழுதியவர்களின் மனநிலையும் தூக்கமும் மற்றவர்களுடையதைவிட ஓரளவு தேறியிருந்தன. நல்ல செய்திதான். ஆனால் கிறிஸ்தவ நன்றி மனதைத் தேற்றுவதோடு நிற்பதில்லை. அது ஒருவரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அதனால் எழுதியதை வாய்விட்டும் சொல்லுங்கள், "ஆண்டவரே" என்று விளித்துச் சொல்லுங்கள். டைரியில் எழுதி மூடிவைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மற்றவர்களோடு ஒப்பிட்டு நன்றி சொல்லாதீர்கள். "அவர்கள் வீட்டு நிலைமைக்கு நாம் எவ்வளவோ பரவாயில்லை, ஸ்தோத்திரம்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். மற்ற மனுஷரைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று தேவாலயத்தில் நின்று சொன்னவன் யார்? லூக்கா 18-இல் வரும் பரிசேயன். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவன் அவன் இல்லை. இன்னொருவரின் வேதனையைப் படியாக வைத்து ஏறி நின்று நன்றி சொல்வது அவருக்கும் நியாயம் இல்லை, உங்களுக்கும் ஆறுதல் தராது.

படி 4: இம்மட்டும் வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்

இன்றைக்கு நன்றி சொல்ல எதுவுமே கண்ணில் படாத நாள் வரும். அன்றைக்கு நேற்றைத் தேடுங்கள்.

"இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, அதற்கு எபெனேசர் என்று பேரிட்டது 1 சாமுவேல் 7:12. நாம் புத்தாண்டு ஆராதனையில் சந்தோஷமாகச் சொல்லும் வசனம். ஆனால் அதே புத்தகத்தில் எபெனேசர் என்ற பெயர் அதற்கு முன்பே வருகிறது. 4-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயமிறங்குகிறார்கள். அந்த யுத்தத்தில் முதலில் நாலாயிரம் பேர், அப்புறம் முப்பதாயிரம் பேர் விழுகிறார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் பிடிபடுகிறது. ஆசாரியனான ஏலியின் இரண்டு மகன்களும் சாகிறார்கள். பெட்டி திரும்பிவந்து கீரியாத்யாரீமில் இருபது வருஷம் கிடந்தது. இஸ்ரவேல் புலம்பிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கல். மிகப் பெரிய தோல்வி நடந்த இடத்தின் பெயரையே சாமுவேல் நன்றிக் கல்லுக்கு வைத்தார். தோல்வியை மறந்துவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 136-ஆம் சங்கீதத்தைப் போல உங்கள் சங்கீதம் ஒன்றை எழுதுங்கள். அந்தச் சங்கீதத்தில் 26 வசனங்கள். பல வசனங்களின் முதல் பாதி நடந்த ஒரு சம்பவம், எல்லா வசனங்களின் இரண்டாம் பாதியும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பல்லவி. உங்கள் வாழ்க்கையை அப்படியே எழுதிப் பாருங்கள். "பரீட்சையில் தோற்று வீட்டில் முடங்கிக் கிடந்தேன், அவர் கிருபை என்றுமுள்ளது. மூத்த ஆசிரியர் ஒருவர் தேடிவந்து கூட்டிப்போனார், அவர் கிருபை என்றுமுள்ளது. அம்மாவின் ஆபரேஷன் நடந்த அன்று சபையார் ராத்திரி முழுக்கக் கூட இருந்தார்கள், அவர் கிருபை என்றுமுள்ளது." 26 வரிகளும் வர வேண்டும் என்று இல்லை. குடும்பமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வரி சொல்லி, பல்லவியை எல்லோரும் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது. பாட்டிக்கு நினைவிருப்பது பேரனுக்குத் தெரிந்திருக்காது.

படி 5: நாளில் மூன்று இடங்களில் கட்டிவையுங்கள்

மனம் வரும்போது நன்றி சொல்லலாம் என்று விட்டால், கஷ்ட காலத்தில் அந்த மனம் வரவே வராது. அதனால் எப்படியும் நடக்கிற மூன்று நேரங்களோடு சேர்த்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் புலம்பல் 3:22-23. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்." எருசலேம் எரிந்து பாழான பின்பு எழுதப்பட்ட ஐந்து புலம்பல் பாட்டுகளுக்கு நடுவில் இருக்கிறது இந்த வசனம். அதற்கு முன்னாலும் அழுகை, பின்னாலும் அழுகை. அந்தப் புத்தகம் சமாதானமாக முடிவதும் இல்லை.

சாப்பாட்டு வேளையில் ஒரு வாக்கிய ஜெபம். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1637-இல் அந்த ஊரில் கொள்ளைநோய் பரவியபோது, 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்த அவர், தம் மனைவியையும் அதே வருஷம் அடக்கம் செய்தார். 1630-களில் அவர் எழுதிய நன்றிப் பாட்டை உலகமெங்கும் சபைகள் இன்னும் பாடுகின்றன. அது முதலில் சாப்பாட்டு மேசையில் பாடும் ஸ்தோத்திரமாகவே பழக்கத்துக்கு வந்தது.

இரவில் படுக்கும் முன், நாளைப் பின்னோக்கி ஒரு தடவை நடந்து பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்மச் சோதனையில் ஐந்து படிகள் உண்டு. பாவத்தை ஆராய்வதற்கு முன்னால், முதல் படியாகவே, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதை அவர் வைத்தார். கத்தோலிக்கரோ மற்ற சபையாரோ, யாருக்கும் இது பயன்படும். ஐந்து நிமிடம் போதும்.

படி 6: கேட்பதை நிறுத்தாதீர்கள், நியாயத்தையும் விடாதீர்கள்

நன்றி சொல்லிவிட்டால் இனி எதுவும் கேட்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். பிலிப்பியர் 4:6 ஸ்தோத்திரத்தையும் விண்ணப்பத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்த பிறகுதான் நிறுத்தினார். உங்களுக்குப் பதில் வரவில்லை என்றால் இன்னும் கேளுங்கள்.

இன்னொரு காரியம் இதைவிட முக்கியம். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறைச்சாலையில் நடுராத்திரியில் பாடிய சம்பவத்தை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். முதுகில் அடிபட்ட காயம், கால்கள் தொழுமரத்தில், அந்த நிலையில் துதி. ஆனால் பெரும்பாலான பிரசங்கங்கள் சிறைச்சாலைக்காரன் ஞானஸ்நானம் பெறுவதோடு முடிந்துவிடுகின்றன. அப்போஸ்தலர் 16-ஐ இன்னும் கொஞ்சம் படியுங்கள். பொழுது விடிந்ததும் அதிகாரிகள், அவர்களை விட்டுவிடு என்று ஆள் அனுப்புகிறார்கள். பவுல் மறுக்கிறார். நியாயம் விசாரியாமல் ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துச் சிறையில் போட்டார்கள், இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து வேண்டிக்கொள்கிறார்கள்.

இரவில் துதித்த அதே மனிதர்தான் காலையில் நியாயம் கேட்டார். ஆகவே வீட்டில் அடிபடுகிற ஒரு பெண்ணிடம், "சகித்துக்கொள்ளம்மா, எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் பண்ணு" என்று சொல்லி அனுப்புவதற்கு இந்த வசனத்தில் இடம் இல்லை. அவர் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், புகார் கொடுக்கலாம், சட்டத்தின் உதவியைக் கேட்கலாம். கூலியைத் தராமல் ஏமாற்றியவரிடம் கூலியைக் கேட்கலாம். தேவன் எனக்குச் செவிகொடுக்கிறார் என்று நம்பி நன்றி சொல்கிறவர், மனிதர் முன்னாலும் தலைநிமிர்ந்து பேசலாம்.

படி 7: தனியாகச் சுமக்காதீர்கள்

நாம் ஜெபிக்க முடியாதபோது நமக்காக ஜெபிக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் சபை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள். அதுவும் ஆராதனைதான்.

திருவிருந்தை மட்டும் தவறவிடாதீர்கள். இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியிலே அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார். காட்டிக்கொடுக்கிறவனும் அன்றிரவு அதே பந்தியில் இருந்தான். அதே இரவில் கெத்செமனேயில், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்றார். கலங்கிப்போன மனதோடு பந்திக்கு வருவதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

உதவி செய்தவர்களுக்கு நேரடியாக நன்றி சொல்வதும் இந்தப் படியில் சேரும். ஒரு மெசேஜ் போதும். ஆனால் என்ன செய்தார்கள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

சாட்சி சொல்லச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், "இன்னும் நேரம் வரவில்லை" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். கதை நடுவில் இருக்கும்போது முடிவைச் சொல்ல முடியாது.

துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு

அன்பானவர் ஒருவரை இழந்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் சில காலம் பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1943 கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் பெர்லினில் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் பிரிவைப் பற்றிப் பேசுகிறார். நாம் நேசித்தவரின் இடத்தை எதுவும் நிரப்ப முடியாது, நிரப்பப் பார்க்கவும் கூடாது என்பது அவர் கருத்து. தேவன் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார் என்று சொல்வதே தவறு, அவர் அதை வெறுமையாகவே வைத்திருக்கிறார், அந்த வெறுமை வழியாகவே பழைய உறவு வலியோடாவது நிலைக்கிறது என்று எழுதினார். நினைவுகளின் வேதனையை அமைதியான சந்தோஷமாக மாற்றுவது நன்றிதான் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். எழுதியவர் 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

எனவே துக்கத்தில் இருப்பவர் நன்றி சொல்லத் தொடங்க வேண்டிய இடம் அந்த மனிதர்தான். அவர் போனதற்காக யாரும் நன்றி சொல்ல வேண்டாம். அவர் இருந்ததற்காகச் சொல்லலாம். அவர் சிரிப்பு, அவர் கோபம், கதவைத் திறந்ததும் உங்கள் பெயரைக் கூப்பிடும் விதம். சொல்லும்போது அழுகை வரும், வரட்டும்.

வார்த்தையே வராத நாட்களில்

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். அப்போது தேவதூதன் வந்து ஸ்தோத்திரம் பண்ணு என்று சொல்லவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். கர்த்தர் அவரிடம் கேள்வி கேட்டது அதற்கெல்லாம் பிறகு.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே உதவியைக் கூப்பிடுங்கள். மாத்திரை சாப்பிடுவதும் கவுன்சலிங் போவதும் அந்த அடையையும் தண்ணீரையும் வாங்கிக்கொள்வதுபோலத்தான். வார்த்தை வராத நாளில் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அன்றைக்கு அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் தூங்குங்கள்.

நீங்கள் துணை நிற்பவராக இருந்தால்

யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்து, அவனோடு தரையில் ஏழு நாள் ராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. முடிவில் கர்த்தரே அவர்களைக் கடிந்துகொண்டார்.

ஆகவே கஷ்டப்படுகிறவர் வீட்டுக்குப் போகும்போது விளக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள். "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் அவர் சொல்லமாட்டார். செய்யப்போவதையே நேராகச் சொல்லுங்கள்: "நாளை மத்தியானச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்." "புதன்கிழமை டாக்டரிடம் நான் கூட வருகிறேன்." "பிள்ளைகளை இந்த வாரம் நான் ஸ்கூலில் விட்டுவிடுகிறேன்." சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். கிளம்பும்போது ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை மறுபடியும் போங்கள்.